10 வாரத்தில் கண்காட்சி, இருப்பது ஒரே சூளை: 12 தட்டு, 6 சுவர்ப்பலகை, நடுவில் விரிசல் வேறு

நீலச்சில்லு:

வணக்கம் நண்பர்களே. ஓவியக்கூடம் ஒன்றில் குழுக் கண்காட்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. அது முடிந்த வாரமே இரண்டு நாள் கைவினைச் சந்தை. கையில் 10 வாரம் உண்டு. எல்லாம் சூளையில் உருக்கிச் செய்யும் கண்ணாடி வேலை. திட்டம் இதுதான்: 30 செ.மீ. வட்டத் தட்டுகள் 12, 40×30 செ.மீ. சுவர்ப்பலகைகள் 6, சந்தைக்குச் சில்லறையாகப் பதக்கங்கள். செம்பு நாடா சுற்றி ஈயப்பற்று வைத்த ஜன்னல் பலகைகள் 2 ஏற்கெனவே தயார், ஒவ்வொன்றும் 60×40.

சூளை 3 கிலோவாட், உள்ளே கண்ணாடி வைக்கும் இடம் 50×50 செ.மீ. கண்ணாடி சி.ஓ.இ. (வெப்பத்தில் விரியும் அளவைச் சொல்லும் எண்) 96, 3 மி.மீ. தகடு. பலகைக்கு அடியில் இரண்டு அடுக்கு, மேலே உருவத்துக்காக ஆங்காங்கே இன்னும் இரண்டு அடுக்கு. உருவம் புடைப்பாகத் தெரிய வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மணிக்கு 200 டிகிரி வீதம் 740 வரை ஏற்றி 10 நிமிடம், பிறகு 510-ல் 30 நிமிடம் நிறுத்தி அணைத்துவிடுகிறேன்.

கேள்விகள்:

முதல் பலகை சூளையிலிருந்து நன்றாகத்தான் வந்தது. இரண்டு வாரம் கழித்து அலமாரியில் சும்மா இருந்தபோதே விரிசல் விட்டது. ஓரத்திலிருந்து ஓரம் வரை வளைந்து போகிறது. இரண்டாவது பலகையில் விரிசல் ஒரு பச்சைத் துண்டைச் சுற்றியே ஓடுகிறது. அந்தத் துண்டு மட்டும் பாட்டில் கண்ணாடி. தட்டுகளில் சிலவற்றின் மேல் பால் படிந்தது போல மங்கல், துடைத்தால் போகவில்லை.

பலகையைச் சுவரில் எப்படி மாட்டுவது? கூடத்துக்காரர்கள் கம்பி கட்டித் தாருங்கள் என்கிறார்கள். கமிஷன் 40 சதவீதமாம். விலை எப்படிப் போடுவது? எதையாவது குறைக்க வேண்டும் என்றால் எதைக் குறைக்கலாம்?

---

சூளைக்கதவு:

விரிசலில் தொடங்குவோம். இரண்டும் வேறு வேறு நோய்.

முதலாவது அனீலிங் (உள்ளிறுக்கம் நீங்க மெதுவாகக் குளிர்விப்பது) போதாததால் வந்தது. ஓரத்தில் கிளம்பி வளைந்து ஓடுவதும், முனையில் கொக்கி போலத் திரும்புவதும், நாள் கழித்து வருவதும் அதன் அடையாளங்கள். உங்கள் பலகை சில இடத்தில் 6 மி.மீ., சில இடத்தில் 12. மெல்லிய இடம் முதலில் குளிர்ந்து இறுகும், தடித்த இடம் பிறகு இறுகி அதை இழுக்கும். 30 நிமிடம் என்பது சமமான 6 மி.மீ. தட்டுக்கே குறைவு. மேடுபள்ளமான வேலைக்கு, அதன் மிகத் தடித்த இடத்தைப்போல் இரு மடங்கு கனம் என்று வைத்துக்கொண்டு அட்டவணை போட வேண்டும். உங்கள் கணக்கில் அது 12 அல்ல, 25 மி.மீ. ஆக, 510-ல் 4 மணி நேரம். பிறகு மணிக்கு 15 டிகிரி வீதம் 455 வரை, மணிக்கு 27 வீதம் 400 வரை, மணிக்கு 90 வீதம் அறை வெப்பம் வரை. கிட்டத்தட்ட 14 மணி நேரம் குளிர்வதற்கே போகும். வேறு குறுக்குவழி கிடையாது.

(510 என்பது 96 கண்ணாடிக்கு. 90 கண்ணாடிக்குத் தயாரிப்பாளர் சொல்வது 482. தகடு மாற்றினால் இந்த எண்ணையும் மாற்றுங்கள்.)

இரண்டாவது பொருந்தாமை. விரிசல் ஒரு நிறத்தின் எல்லையைப் பிடித்துக்கொண்டு ஓடினால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம். பாட்டில் கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியும் சோடா-சுண்ணாம்பு வகை. வெப்பத்தில் விரியும் அளவு 96 தகட்டைவிடக் குறைவு. இதை எவ்வளவு மெதுவாகக் குளிர்வித்தாலும் சரியாகாது, விரிசல் விழும் நாள் மட்டும் தள்ளிப்போகும். இரண்டு வெவ்வேறு பாட்டில்கள்கூடத் தங்களுக்குள் பொருந்தும் என்ற உறுதி இல்லை. பாட்டிலை வைத்து வேலை செய்ய ஆசை என்றால் ஒரே பாட்டிலின் துண்டுகளை மட்டும் கொண்டு தனி வேலையாகச் செய்யுங்கள்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு, வரப்போகிறது என்பதால் சொல்லிவைக்கிறேன். உடைந்த விளிம்பு உருண்டிருந்தால் சூடேறும்போது உடைந்தது, அதாவது வேகமாக ஏற்றியிருக்கிறீர்கள். விளிம்பு கையை அறுக்கிற கூர்மையில் இருந்தால் குளிரும்போது அல்லது அதன் பிறகு உடைந்தது.

சோதனை செய்வது எளிது. தெளிந்த தகட்டில் ஒரு பட்டை வெட்டி, அதன்மேல் நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு நிறத்திலும் 1 செ.மீ. சில்லு வையுங்கள். கடைசியில் அதே தெளிந்த தகட்டிலிருந்தே ஒரு சில்லு. முழு ஃபியூஸ் (அடுக்குகள் உருகி ஒன்றாகும் வரை சூடாக்குவது) செய்து முறையாகக் குளிரவிட்டு, குறுக்காக வைத்த இரண்டு போலரைசிங் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும்) படலங்களுக்கு நடுவே பாருங்கள். படலம் இல்லையென்றால் எல்சிடி மடிக்கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் திறந்து, போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திரை இருளும் வரை தலையைச் சாய்த்து, பட்டையைத் திரைக்கு முன்னால் பிடித்தால் போதும். சில்லைச் சுற்றி வெளிச்ச வளையம் தெரிந்தால் அந்த நிறம் ஆகாது. தெளிந்த சில்லைச் சுற்றியும் வெளிச்சம் தெரிந்தால் குற்றம் நிறத்தில் இல்லை, உங்கள் அனீலிங்கில். அந்தக் கடைசிச் சில்லு இல்லாமல் சோதித்தால் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. நிறச் சில்லு ஒளி புகாததாக இருந்தாலும் பரவாயில்லை, வளையம் சுற்றியுள்ள தெளிந்த கண்ணாடியில்தான் தெரியும்.

பால் மங்கலுக்கு டீவிட் என்று பெயர். கண்ணாடியின் மேற்பரப்பு படிகமாக மாறத் தொடங்கியிருக்கிறது. ஏறக்குறைய 700 முதல் 760 டிகிரி வரையான பட்டையில் அதிக நேரம் நின்றால் வரும். கைரேகை, கிரைண்டர் சேறு, துடைத்த துணியின் எண்ணெய் ஆகியவை அதற்கு விதை. அதனால் அரைத்த விளிம்பைப் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் தானாகக் காயும் முன்பே பஞ்சு உதிராத துணியால் துடைக்க வேண்டும். உச்ச வெப்பத்திலிருந்து அனீலிங் வரை சூளை இறங்கும் வேகத்துக்குக் கட்டுப்பாடு போடாதீர்கள், முடிந்தவரை வேகமாக இறங்கட்டும். மூடியைத் திறந்து இறக்குகிற பழைய பழக்கம் தேவையில்லை. ஏற்கெனவே மங்கிய தட்டை வைரத் தேய்ப்பானால் ஈரத்தில் தேய்த்து மங்கலை எடுத்து, நன்கு கழுவி, நைசான தெளிந்த கண்ணாடிப் பொடியை மெல்லிய படலமாகச் சலித்து 790 வரை மறுபடி ஏற்றலாம். தட்டு வளைத்தது என்றால் வளைவு போய்விடும், மறுபடி ஸ்லம்ப் (அச்சின்மேல் வைத்து இளக்கி வளைப்பது) செய்ய வேண்டிவரும்.

இப்போது அட்டவணை. எல்லோரும் கை வேலை நாளைக் கணக்கிடுகிறார்கள். கணக்கிட வேண்டியது சூளை நாள். தட்டு ஒன்றுக்கு ஃபியூஸ் ஒன்று, ஸ்லம்ப் ஒன்று. உங்கள் 50 செ.மீ. இடத்தில் 30 செ.மீ. வட்டம் ஒன்றுதான் உட்காரும். 12 தட்டுக்கு 24 சூடு. பலகைக்கு அடித்தகட்டை முதலில் தனியாக முழு ஃபியூஸ் செய்துவிட்டு அதன்மேல் உருவத்தை வைத்து இரண்டாவது சூடு போடுங்கள், குமிழி தொல்லை குறையும். 6 பலகைக்கு 12 சூடு. மொத்தம் 36. ஐந்தில் ஒன்று கெடும் என்று வைத்தால் 45. 70 நாளில் முடியாது என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு வாரம் மின்சாரமோ உடம்போ மக்கர் செய்தால் தீர்ந்தது.

தட்டின் அளவை 22 செ.மீ. ஆக்குங்கள். 2 செ.மீ. இடைவெளியோடு ஒரே சூட்டில் நான்கு உட்காரும். பெரிது இரண்டு மட்டும் கூடத்துக்கு வையுங்கள். 10 சின்னத் தட்டுக்கு 3 ஃபியூஸ், 3 ஸ்லம்ப், பெரிதுக்கு 4 சூடு, பலகைக்கு 12. ஆக 22. கெடுவதற்கு 6 சேர்த்தாலும் 28. பெரிய தட்டின் ஃபியூஸில் சுற்றியுள்ள காலி இடத்தில் பதக்கங்களைப் போட்டுவிடலாம், அதற்குத் தனிச் சூடு வேண்டாம்.

அட்டவணையைப் பின்னாலிருந்து எழுதுங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு 14 நாள் முன்பே கடைசிச் சூடு முடிய வேண்டும். ஒட்டிய பசை இறுகவும், தாமதமாக விழுகிற விரிசல் உங்கள் வீட்டிலேயே விழவும் அந்த நாட்கள் தேவை. பலகைகளை முதலில் போடுங்கள், தட்டுகள் பிறகு.

---

நீலச்சில்லு:

மிக்க நன்றி சார். பாட்டில் துண்டை விட்டுவிடுகிறேன். ஃபியூஸ், ஸ்லம்ப் இரண்டுக்கும் நீங்கள் வைக்கும் எண்களையும் சொன்னால் நன்றாக இருக்கும். ஸ்லம்ப் செய்யும்போது இரண்டு தட்டு அச்சில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டன.

---

சூளைக்கதவு:

இரண்டு அடுக்கு, 6 மி.மீ., 96 கண்ணாடிக்கு: மணிக்கு 220 வீதம் 650 வரை, அங்கே 30 நிமிடம். அடுக்குகளுக்கு நடுவில் சிக்கிய காற்று வெளியேறுவதற்கு இந்த நேரம். பிறகு மணிக்கு 300 வீதம் 800, 10 நிமிடம். முழு வேகத்தில் 510. அங்கே 1 மணி நேரம். மணிக்கு 83 வீதம் 400. அதன் பிறகு சூளை தன் போக்கில் குளிரட்டும், 60-க்குக் கீழே வரும்வரை திறக்காதீர்கள். உங்கள் சூளையின் வெப்பமானி 10 டிகிரி ஏமாற்றலாம். ஓரம் இன்னும் கூர்மையாக இருந்தால் 5 டிகிரி ஏற்றுங்கள், ஓரத்தில் முள் முள்ளாக இழுத்திருந்தால் இறக்குங்கள்.

ஒற்றை அடுக்கை முழு ஃபியூஸ் செய்யாதீர்கள். உருகிய கண்ணாடி பரப்பு இழுவிசையால் 6 மி.மீ. கனத்துக்கே போகப் பார்க்கும். 3 மி.மீ. தகடு உள்நோக்கிச் சுருங்கி, ஓரம் தடித்து, நடுவில் மெலிந்து, சில நேரம் ஓட்டையே விழும்.

பலகையின் இரண்டாவது சூடு இப்படி இருக்கட்டும்: மணிக்கு 100 வீதம் 540 வரை, மணிக்கு 200 வீதம் 740, 10 நிமிடம், பிறகு நான் மேலே சொன்ன நீண்ட குளிர்ச்சி. ஒட்டிய அடித்தகடு இப்போது 6 மி.மீ. ஒற்றைக் கட்டி, அதன்மேல் குளிர்ந்த துண்டுகள் நிழல்போட்டு உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு அடியில் சூடு மெதுவாகத்தான் போகும். 200-ல் தொடங்கினால் அங்கேதான் உடையும்.

ஸ்லம்புக்கு மணிக்கு 150 வீதம் 660, 15 நிமிடம். குளிர்ச்சி 6 மி.மீ. அட்டவணைதான். சரிந்து உட்காருவதற்கு மூன்று காரணம்: அச்சு மட்டமாக இல்லை, தட்டு நடுவில் இல்லை, சூடு வேகமாக ஏறியது. ரசமட்டத்தைச் சூளையின் தரையில் வைக்காதீர்கள், அச்சின் வாயின் மேல் இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். அச்சை 12 மி.மீ. கால்களின்மேல் தூக்கி வையுங்கள், அடித்துளைகள் கில்ன் வாஷால் (கண்ணாடி ஒட்டாமலிருக்கப் பூசும் பொடிக் கரைசல்) அடைபட்டிருந்தால் ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். அடைத்த துளைதான் நடுவில் கொப்புளம் தருவது. விளிம்பை அரைத்திருந்தால் ஸ்லம்புக்கு முன்பே 720 அளவில் ஒரு சூடு கொடுத்துப் பளபளப்பாக்க வேண்டும். ஸ்லம்பில் அது பளபளக்காது. இதற்கும் சூளை நாள் ஒன்று போகும், அதனால் வெட்டும்போதே வட்டத்தைச் சரியாக வெட்டிவிடுவது லாபம்.

கில்ன் வாஷ்: 1 பங்கு பொடிக்கு 5 பங்கு தண்ணீர், மென்மையான அகலப் பிரஷ், நான்கு திசையில் நான்கு பூச்சு, முழுக்கக் காய வேண்டும். முழு ஃபியூஸ் ஒவ்வொன்றுக்கும் பிறகு சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுங்கள், இல்லையென்றால் அடிப்பக்கம் சொரசொரப்பாக ஒட்டிக்கொள்ளும். சுரண்டும்போதும் ஃபைபர் பேப்பர் (சூடு தாங்கும் நார்த்தாள்) எடுக்கும்போதும் நல்ல துகள் முகக்கவசம் போடுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். விளக்குமாறு தொடவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலில் நின்றுவிடும்.

---

ஈயக்கோடு:

மாட்டுவதைப் பற்றி. முதலில் எடையைக் கணக்கிடுங்கள். கண்ணாடி 1 சதுர மீட்டருக்கு, 1 மி.மீ. கனத்துக்கு 2.5 கிலோ. உங்கள் பலகை 0.12 சதுர மீட்டர், சராசரி 9 மி.மீ. என்று வைத்தால் 2.7 கிலோ. இதைக் கூடத்துக்காரர்களிடம் எழுத்தில் சொல்லுங்கள். கம்பி கட்டித் தாருங்கள் என்று அவர்கள் கேட்பது ஓவியச் சட்டத்தை மனதில் வைத்து. கண்ணாடியில் கம்பி எங்கே தொட்டாலும் அந்த இடத்தில் சில்லு பெயரும்.

பின்பக்கத்தில் அலுமினியக் கொக்கிப்பட்டை ஒட்டுவது நல்லது. இரண்டு பட்டை, ஒன்று பலகையில், மற்றது சுவரில், ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். ஒட்ட நியூட்ரல் வகை சிலிக்கோன். காடி நாற்றம் அடிக்கிற வகை உலோகத்தையும் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சையும் அரிக்கும், வேண்டாம். பட்டையின் அகலம் 25 மி.மீ.-க்கு மேல் போக வேண்டாம். சிலிக்கோன் காற்றிலுள்ள ஈரத்தால் ஓரத்திலிருந்து உள்நோக்கி இறுகுவது. கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே அகலமாகப் பூசினால் நடுப்பகுதி வாரக்கணக்கில் இறுகாமலே இருக்கும். பசையின் கனம் 1 முதல் 2 மி.மீ. இருக்கும்படி நடுவே இரண்டு சின்னத் துண்டு வைத்து அழுத்துங்கள். முழுக்கப் பிழிந்து வெளியே தள்ளிவிட்டால் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஒட்டியது விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் பசை அல்ல, அதற்கு அடியில் இருக்கும் கில்ன் வாஷ் பொடி. கண்ணுக்குத் தெரியாது. எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்து, கழுவி, ஒட்டும் இடத்தை மட்டும் வைரத் தேய்ப்பானால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். 7 நாள் அசைக்காமல் படுக்க வையுங்கள். பிறகு பலகையைப் பட்டையில் மாட்டி, பலகையின் எடைக்குச் சமமான எடையைக் கூடுதலாகத் தொங்கவிட்டு, கீழே மெத்தை போட்டு 48 மணி நேரம் பாருங்கள். அதில் நின்றது கூடத்திலும் நிற்கும். கூடவே கீழ் விளிம்பைத் தாங்க இரண்டு L வடிவக் கால்கள் வைத்தால் நிம்மதி, உள்ளே சிலிக்கோன் குழாய்த் துண்டு போட்டு.

தெளிந்த பகுதி வழியாகப் பட்டை தெரிந்தால் அசிங்கம். இதை வடிவம் போடும்போதே யோசித்து, மேலே 3 செ.மீ. அளவுக்கு ஒளி புகாத நிறம் ஓடவிடுங்கள்.

ஜன்னல் பலகைகளுக்கு வருவோம். கொக்கியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மேல் ஓரத்து நாடாவில் மட்டும் பற்று வைத்திருந்தால் இன்றே கழற்றுங்கள். ஓரத்து நாடா கண்ணாடியில் வெறும் பசையால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடை இழுத்தால் உரிந்து வந்துவிடும். கொக்கியின் வால் உள்ளேயிருந்து ஓரத்துக்கு வரும் ஒரு செங்குத்து இணைப்புக்குள் 3, 4 செ.மீ. இறங்கி ஈயப்பற்றில் புதைந்திருக்க வேண்டும். 60×40 அளவுக்கு நாடாவை மட்டும் நம்பக் கூடாது. நான்கு பக்கமும் துத்தநாகச் சட்டம் போட்டு, மூலைகளில் பற்று வைத்து, கொக்கியை அந்தச் சட்டத்தின் மூலையில் வையுங்கள். இரண்டு கொக்கிக்கும் தனித்தனியாக நேர்ச் சங்கிலி. ஒரே ஆணிக்கு முக்கோணமாக இழுத்தால் சட்டம் உள்நோக்கி வளையும்.

பற்றின்மேல் வெள்ளைப் பூஞ்சை போலப் படிந்தால் அது ஃபிளக்ஸ் (பற்று பிடிக்கத் தடவும் பொருள்) மிச்சம். சமையல் சோடா கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவைத்து மெழுகு பூசுங்கள். திறப்பு விழாவன்று கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

---

கைவிளக்கு:

ஈயக்கோடு சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். 2.7 கிலோவைப் பொதுமக்கள் நடமாடும் இடத்தில் பசையை மட்டும் நம்பி மாட்டுவது எனக்கு ஒப்புதல் இல்லை. துளை போட்டு ஸ்டாண்ட்-ஆஃப் திருகு (பலகையைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துவது) வைப்பதே மேல். 8 மி.மீ. வைர முனை, மெதுவான வேகம், துளையிடும் இடம் எப்போதும் தண்ணீருக்குள், அடியில் ஒட்டுப்பலகை. மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் அழுத்தத்தைக் குறையுங்கள், அங்கேதான் சில்லு பெயரும். துளைக்கும் விளிம்புக்கும் நடுவே கண்ணாடியின் கனத்தைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும், மூலை என்றால் இன்னும் கூடுதல். திருகு கண்ணாடியைத் தொடாதபடி நைலான் குழாய், இரண்டு பக்கமும் ரப்பர் வளையம், கையால் இறுக்கியது போதும்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒளி ஊடுருவும் கண்ணாடியை வெள்ளைச் சுவரில் ஒட்டி மாட்டினால் கறுத்துத்தான் தெரியும். சுவரிலிருந்து 30, 40 மி.மீ. தள்ளி மாட்டி மேலேயிருந்து சாய்வாக ஒரு விளக்கு போட்டால் நிற நிழல் சுவரில் விழும். ஸ்டாண்ட்-ஆஃப் இதற்கும் உதவுகிறது. ஒளி புகாத பலகைக்கு முன்பக்கத்திலிருந்து சாய்வான விளக்கு, நேராக அடித்தால் விளக்கின் பிரதிபலிப்புத்தான் தெரியும். இடம் ஒதுக்கும் முன்பே ஜன்னல் எந்தப் பக்கம், எத்தனை விளக்கு, அவற்றை நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். உங்கள் ஜன்னல் பலகைகளை ஓவியங்களுக்கு நடுவே சுவரில் மாட்டிவிட்டால் போட்டதே வீண். மெல்லிய எல்இடி பலகையைப் பின்னால் வைக்கலாம், ஆனால் மின்கம்பியை யார் இழுப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

தட்டுகளுக்குப் பீடம் 90 முதல் 100 செ.மீ. உயரம். தட்டுத் தாங்கிக்கு அடியிலும் தட்டு தொடும் இடத்திலும் மியூசியம் மெழுகு (பொருள் நகராமல் பிடிக்கும் ஒட்டு மெழுகு) கடுகளவு. சுவர்ப்பலகையின் நடு தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ.

---

ஈயக்கோடு:

துளை நல்லதுதான், அனீலிங் சரியாக இருந்தால். இவருடைய பழைய பலகைகள் அரை மணி நேரம் குளிர்ந்தவை. அவற்றில் வைர முனை தொட்டதும் இரண்டாகப் பிளக்கும். புதிதாகச் சூடு போட்டதை போலரைசிங் படலத்தில் பார்த்துவிட்டுத் துளையிடட்டும். பழையதை மறுபடி அனீல் செய்யவும் முடியும்: மணிக்கு 60 டிகிரிக்கு மேல் போகாமல் 510 வரை ஏற்றி, அங்கிருந்து அந்த நீண்ட குளிர்ச்சி. பாட்டில் துண்டு இருப்பதை மட்டும் குப்பையில் போடுங்கள்.

---

பேரேடு:

விலைக்கு வருகிறேன். 40 சதவீதக் கமிஷன் என்றதும் பலர் தங்கள் தொகையோடு 40 சதவீதத்தைக் கூட்டுகிறார்கள். அது தவறு. உங்கள் கைக்கு 600 வர வேண்டும் என்றால் 600-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும், 1000. 600-உடன் 40 சதவீதம் கூட்டினால் 840. அதில் கமிஷன் போக 504 தான் வரும்.

அந்த 600-க்குள் என்னென்ன: கண்ணாடி (வெட்டி எறிந்ததையும் சேர்த்து, வேலையில் போனதை மட்டும் அல்ல), கில்ன் வாஷ், ஃபைபர் பேப்பர், பசை, கொக்கி, பெட்டி. கை வேலை மணி நேரம், கழுவுவதும் அரைப்பதும் படம் எடுப்பதும் உட்பட. மின்சாரம்: 3 கிலோவாட் சூளை 18 மணி நேரம் ஓடினாலும் கம்பிகள் முழு நேரமும் எரிவதில்லை. நேரத்தில் 40 சதவீதம் எரிகிறது என்று கொண்டால் 3×18×0.4, ஏறக்குறைய 22 யூனிட். உண்மையில் எவ்வளவு என்பதை மீட்டரைச் சூட்டுக்கு முன்னும் பின்னும் படித்தால் தெரிந்துவிடும். அதைத் தட்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 22 செ.மீ. தட்டு நான்கு சேர்ந்து போவதன் லாபம் இங்கேயும் தெரியும். பிறகு கெட்டுப்போனதன் பங்கு: ஐந்தில் ஒன்று கெட்டால் மொத்தச் செலவை 0.8-ஆல் வகுக்க வேண்டும்.

கூடத்தில் ஒரு விலை, சந்தையில் அதைவிடக் குறைந்த விலை என்று வைக்காதீர்கள். அடுத்த வாரமே சந்தை என்பதால் இரண்டையும் பார்க்கிறவர் ஒரே ஆள்தான். கூடம் உங்களை அடுத்த முறை கூப்பிடாது. சந்தைக்குச் சின்ன அளவு, வேறு வடிவம் கொண்டுபோங்கள்.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை: கமிஷன் எதன்மேல், தள்ளுபடி கொடுத்தால் யார் கணக்கில், விற்ற பணம் எத்தனை நாளில், உடைந்தால் யார் பொறுப்பு, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை. "எங்கள் கூரைக்குக் கீழே இருக்கும்வரை" என்று எழுதியிருந்தால் ஏற்றும்போதும் வழியிலும் உடைவது உங்கள் தலையில். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு வேலைக்கும் படத்தோடு நிலைக்குறிப்பு எழுதி இருவரும் கையெழுத்து போடுங்கள். உள்ளே இருக்கும் குமிழியையும் அதில் எழுதுங்கள், பிறகு அது விரிசல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சீட்டில் பெயர், பொருள், செய்முறை, உயரம்×அகலம்×ஆழம், விலை. "கலவை ஊடகம்" என்று எழுதாதீர்கள், "சூளையில் ஃபியூஸ் செய்த கண்ணாடி" என்றே எழுதுங்கள். இந்த வேலையை அச்சிட்ட படம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. தட்டில் உணவு வைக்கலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். நிறத் தயாரிப்பாளர் உணவுக்கு ஏற்றது என்று எழுத்தில் சொல்லாத வரை "அலங்காரத்துக்கு மட்டும்" என்று சீட்டிலேயே போட்டுவிடுங்கள்.

---

நீலச்சில்லு:

அனைவருக்கும் நன்றி. 22 செ.மீ.-க்கு மாற்றிவிட்டேன், இரண்டு பெரிது மட்டும். பலகை 6-க்குப் பதில் 5, துளை போட்டே மாட்டப்போகிறேன். ஜன்னல் பலகைக்குத் துத்தநாகச் சட்டம் வாங்க வேண்டும். கடைசிக் கேள்வி: கூடத்திலிருந்து நேரே சந்தைக்குப் போக வேண்டும். எப்படிக் கட்டுவது?

---

கைவிளக்கு:

தட்டானாலும் பலகையானாலும் படுக்கப் போடாதீர்கள், விளிம்பில் நிறுத்துங்கள். முதலில் மெல்லிய அமிலமற்ற தாள், பிறகு குமிழித்தாள். குமிழித்தாளை நேரடியாகச் சுற்றினால் மெழுகு பூசிய ஈயப்பற்றில் புள்ளி புள்ளியாகத் தடம் பதியும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். உள்பெட்டிக்குள் தட்டுகளுக்கு நடுவே அட்டைத் தடுப்பு, உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே ஆறு பக்கமும் 5 செ.மீ. மெத்தை. மூடிவிட்டுக் குலுக்கினால் உள்ளே ஏதும் நகரக் கூடாது. ஸ்டாண்ட்-ஆஃப் திருகுகளைக் கழற்றித் தனிப் பையில் போட்டு, பலகையின் எண் எழுதி அதே பெட்டியில் வையுங்கள்.

திரும்பக் கட்டப்போவது நீங்கள் அல்ல, கூடத்து ஆட்கள். எந்த இடத்தில் எது என்று படம் எடுத்து மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், மெத்தைகளிலும் எண் போடுங்கள்.

சந்தையில் மேசை ஆடாததா என்று முதலில் பாருங்கள், துணியைக் கீழே தொங்கவிட்டு முனையைக் கட்டுங்கள், யாராவது கால் மாட்டி இழுத்தால் மேசையே காலியாகும். கண்ணாடிக் கோளமோ தடித்த உருண்டையோ வைத்தால் வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள். அது வெயிலைக் குவித்துத் துணியைப் பொசுக்கிவிடும்.

---

சூளைக்கதவு:

பலகை 5 ஆனதால் இரண்டு சூடு மிச்சம். அதில் ஒன்றை நிறச் சோதனைப் பட்டைக்கு முதல் வாரமே ஒதுக்குங்கள், மற்றதைக் காலியாக விடுங்கள்.